ரேண்டம் எண்ணுக்கு முன்பே முடிந்துவிடும் குலுக்கல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தவர்களுக்குக் கணினி குலுக்கல் முறையில் ஒதுக்கும் ரேண்டம் எண் வெளியாகும் நாளில், எல்லாச் செய்தித்தாள்களிலும் நான்கு வரிச் செய்தி ஒன்று வருகிறது. அன்று மாலைக்குள் ஊரெல்லாம் ஒரே கேள்வி: "எங்கள் பிள்ளைக்கு 2-இல் ஆரம்பிக்கிற எண் வந்திருக்கிறதே, நல்ல கல்லூரி கிடைக்காமல் போய்விடுமா?" பத்து இலக்க எண், பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. இது பரவலாகத் தெரிந்திருக்கிறது. அந்த எண் எப்போது கையில் எடுக்கப்படுகிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டு பேரின் கட்-ஆஃப், அதாவது கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களிலிருந்து கணக்கிடும் கலந்தாய்வு மதிப்பெண், சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் இயற்பியல். கட்-ஆஃபும் கணிதமும் இயற்பியலும் ஒன்றாகிவிட்டால் வேதியியலும் தானாகவே ஒன்றாகிவிடும். அதனால்தான் அந்த வரிசையில் வேதியியலுக்கு இடமில்லை. அடுத்து நான்காவது விருப்பப் பாடம் முதலான மற்ற மதிப்பெண்கள். பிறகு பிறந்த தேதி, அதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதிலும் பிரிக்க முடியாதவர்களுக்குத்தான் ரேண்டம் எண். ஆக, அந்த எண்ணால் தலையெழுத்து மாறுகிறவர்கள் வெகு சிலர். மற்றவர்கள் வீணாகக் கலங்குகிறார்கள்.

நான் எழுத வந்தது வேறொரு குலுக்கலைப் பற்றி. அது மார்ச் மாதத்திலேயே, தேர்வு அறைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதை யாரும் குலுக்கல் என்று சொல்வதில்லை. தகுதி என்று சொல்லிவிடுகிறோம்.

கணக்கோடு பார்க்கலாம். கட்-ஆஃப் என்பது கணிதம் 100, இயற்பியலில் பாதி 50, வேதியியலில் பாதி 50, ஆக 200. கணிதத்தில் 94, இயற்பியலில் 91, வேதியியலில் 88 எடுத்தவருக்கு 94 + 45.5 + 44 = 183.5. பிளஸ் 2 தேர்வு 1,200 மதிப்பெண்ணுக்கு நடந்த காலத்தில் ஒவ்வொரு பாடமும் 200-க்கு இருந்தது. அதனால் கட்-ஆஃப் 0.25 படியாக ஏறும், இறங்கும். தேர்வு 600 மதிப்பெண்ணுக்கு மாறிய பிறகு மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு அது 0.5 படியாகிவிட்டது. படிகளின் எண்ணிக்கை பாதியானதால், ஒரே படியில் நிற்பவர்களின் கூட்டம் இரட்டிப்பானது. குறைந்தபட்சத் தகுதி 40 சதவீதம், பொதுப்பிரிவுக்கு 45. ஆகவே 80 முதல் 200 வரை மொத்தம் 241 படிகள். பட்டியலில் 2 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால், ஒரு படிக்குச் சராசரியாக 830 பேர். உச்சியில் கூட்டம் குறைவு. நடுவில் இதைவிட நெரிசல்.

இப்போது கணித வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஒரே வகுப்பில் ஒரே அளவு படித்த இரண்டு பிள்ளைகளுக்கு அதில் நான்கு வினாக்கள் தெரியவில்லை, இருவரும் ஊகித்து எழுதுகிறார்கள். நான்கில் ஒன்றுகூடச் சரியாக அமையாமல் போக வாய்ப்பு நூற்றுக்கு 32. இரண்டோ அதற்கு மேலோ சரியாக அமைய வாய்ப்பு நூற்றுக்கு 26. இரண்டுமே அன்றாடம் நடக்கக்கூடியவை. ஒரு பிள்ளைக்குப் பூஜ்யமும் மற்றதற்கு இரண்டும் விழுந்தால், கட்-ஆஃபில் 2 மதிப்பெண் வித்தியாசம். அது நான்கு படி. தரவரிசையில் சராசரிக் கணக்குப்படி 3,300 இடங்களுக்கு மேல். ஒருவருக்குச் சென்னையில் கேட்ட பிரிவு கிடைக்கிறது. இன்னொருவர் இரண்டாம் சுற்றில் வேறு ஊரில் வேறு பிரிவில் சேருகிறார். இரு வீட்டிலும் அன்று பேசப்படுவது ஒன்றுதான்: "அவன் உழைத்தான், நீ உழைக்கவில்லை."

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் படிப்பதே வீண் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு அந்த 20 வினாக்களுக்கும் விடை எழுதினால் சராசரியாக 5 சரியாக அமையும். 15 அல்லது அதற்கு மேல் அமைய வேண்டுமானால், 10 லட்சம் பேர் எழுதினால் ஏறத்தாழ 4 பேருக்குத்தான் அந்த யோகம். படிக்காதவரை 120-லிருந்து 190-க்குத் தூக்கிவிடும் அதிர்ஷ்டம் எந்தத் தேர்விலும் இல்லை. 190-க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது உழைப்பு. அங்கே போன பிறகு 188.5-ஆ 190.5-ஆ என்று முடிவு செய்வதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நம் கல்லூரி இடங்களும் அரசு வேலைகளும் பங்கிடப்படுவது துல்லியமாக அந்தக் குறுகிய இடைவெளியில்தான்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 200 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 1.5 வீதம் 300 மதிப்பெண்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. சம அளவு தயாரித்த இரண்டு பேருக்கு 20 வினாக்கள் தெரியவில்லை, நான்கில் ஒன்றை ஊகித்துக் கருமையாக்குகிறார்கள். பத்தில் ஒருவருக்கு 8 அல்லது அதற்கு மேல் சரியாக அமையும். ஏறத்தாழ அதே அளவினருக்கு 2 அல்லது அதற்குக் கீழ்தான் அமையும். 8-க்கும் 2-க்கும் இடையே 9 மதிப்பெண். குரூப் 4 எழுதியவர்களுக்கு 9 மதிப்பெண் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

சம அளவு என்பதை விடுங்கள். ஒருவருக்கு 174 வினாக்கள் உறுதியாகத் தெரியும், இன்னொருவருக்கு 170 தான். மீதியை இருவரும் ஊகிக்கிறார்கள். அதிகம் தெரிந்தவரை மற்றவர் முந்திவிட நூற்றுக்குச் சுமார் 14 முறை வாய்ப்பு இருக்கிறது. சமமாக வந்து நிற்க இன்னும் 8 முறை. ஆக ஐந்துக்கு ஒரு முறைக்கு மேல், அதிகம் தெரிந்தவர் முன்னால் வருவதில்லை. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் இப்படிப்பட்ட ஜோடிகள் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வை ஏறத்தாழ 15.8 லட்சம் பேர் எழுதினார்கள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244.

அந்த இடங்களின் எண்ணிக்கையே ஒரு குலுக்கல். முதல் அறிவிப்பில் 2019-இல் 6,491, 2022-இல் 7,301, 2024-இல் 6,244, 2025-இல் 3,935. பின்னால் கூட்டப்படுவது வழக்கம். ஆனால் எவ்வளவு, எப்போது என்று தயாரிப்பவருக்குத் தெரியாது. 2019 செப்டம்பருக்குப் பிறகு 2022 ஜூலை வரை குரூப் 4 தேர்வே நடக்கவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டு. நன்றாகப் படித்து உச்சத் தயாரிப்பில் இருந்த ஒருவருக்கு 2020 வாய்த்தது, இன்னொருவருக்கு 2022 வாய்த்தது. இதில் தகுதிக்கு என்ன வேலை? 2021-இல் பிளஸ் 2 தேர்வே ரத்தாகி, பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் 1-க்கு 20, பிளஸ் 2-வின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் போட்டார்கள். பத்தாம் வகுப்பில் விளையாட்டாக இருந்துவிட்டுப் பிளஸ் 2-வில் விழித்துக்கொண்ட பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் விழித்துக்கொண்டதற்குப் பலன் இல்லாமல் போயிற்று. கல்லூரி முடித்து வேலை தேடும் ஆண்டும் இப்படித்தான்: 2008 செப்டம்பரில் உலக நிதி நெருக்கடி வெடிப்பதற்கு முன் வேலையில் சேர்ந்தவருக்கும், அடுத்த ஆண்டு கையில் பணி உத்தரவோடு மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கும் அறிவில் வித்தியாசம் இல்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குலுக்கல் பிறப்பு. எந்த வீட்டில், எந்த ஊரில், அந்த ஊர்ப் பள்ளியில் கணித ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருந்த ஆண்டிலா, காலியாகக் கிடந்த ஆண்டிலா? அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவப் படிப்பிலும், அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய படிப்புகளிலும் வந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு, இந்த உண்மையை அரசு ஒத்துக்கொண்டதன் அடையாளம். அதைச் சலுகை என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள், தங்கள் பிள்ளைக்கு வாய்த்ததைத் தகுதிக் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார்கள்.

சரி, தேர்வு எழுதுகிறவர் என்ன செய்யலாம்? நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள்வதுதான் முதல் வேலை. துரதிர்ஷ்டம் என்று சொல்லப்படுவதில் பாதி, கவனப் பிசகு. பிளஸ் 2-வில் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். குறியீடு 'ஆ' என்றும் விடை 'இ'-க்கு உரியதாகவும் இருந்தால் மதிப்பெண் இல்லை. இரண்டில் ஒன்று சரிதானே என்று வாதாட முடியாது. முடிவு வந்த பிறகு சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். அதை வாங்கியவர்தான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நகல் கைக்கு வந்ததும் உட்பக்கங்களில் போட்ட மதிப்பெண் முன்பக்கக் கட்டத்துக்கு ஏறியிருக்கிறதா, திருத்தாமல் விட்ட விடை ஏதும் உண்டா என்று பாட ஆசிரியரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். கணிதத்தில் விடுபட்ட ஒரே மதிப்பெண், மேலே சொன்ன கணக்கில் இரண்டு படி.

ஊகிப்பதற்கும் கணக்கு இருக்கிறது. குரூப் 4-இல் மைனஸ் இல்லை. 'விடை தெரியவில்லை' என்னும் ஐந்தாவது வட்டத்தைக் கருமையாக்குவதால் கிடைப்பது பூஜ்யம்தான். ஆகவே தெரியாததற்கும் முதல் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சரி. நீட் தேர்வில் சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. முழு ஊகத்தில்கூட வினாவுக்குச் சராசரியாகக் கால் மதிப்பெண் மிஞ்சும். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் அது இன்னும் கூடும். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும் என்பதால் முழு ஊகத்தின் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு விடையையாவது நீக்க முடிகிற வினாவை மட்டும் ஊகிக்க வேண்டும். மூன்று தேர்வுக்கும் ஒரே பழக்கத்தோடு போகிறவர்கள் வருத்தப்படுவதற்குக் காரணம் இதுதான்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்புவதில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் வேதனை தருவது, ஏனென்றால் அது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. கணினி செய்வது எளிமையான வேலை. தரவரிசையில் முதலில் நிற்பவரை எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை அவருக்குக் கொடுக்கிறது. பிறகு அடுத்தவர். 'இது கிடைக்காது' என்று நினைக்கும் கல்லூரியை முதலில் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் பெற்றோர் பலர் ஒரு கல்லூரியில் போன ஆண்டு கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்-ஆஃபைச் சுவராக நினைத்துக்கொண்டு, 'கண்டிப்பாகக் கிடைக்கும்' கல்லூரியை மூன்றாவதாகவும், உண்மையில் விரும்பும் கல்லூரியை ஏழாவதாகவும் போடுகிறார்கள். மூன்றாவது கிடைத்ததும் ஏழாவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தாலும், ஒதுக்கப்பட்டதற்கு மேலே உள்ள விருப்பங்களுக்குத்தான் அது பொருந்தும். அந்த ஆண்டு ஏழாவது கல்லூரியின் கட்-ஆஃப் இறங்கியிருந்தால், வந்த அதிர்ஷ்டத்துக்குக் கதவைச் சாத்தியவர்கள் நாமே. ஆசைப்படும் வரிசையில் போடுங்கள், எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம், கல்லூரிக் குறியீட்டை இரண்டு பேர் சரிபாருங்கள். தமிழ் வழி, சுயநிதிப் பிரிவு என்று ஒரே பாடத்துக்குத் தனித்தனிக் குறியீடு இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகுதியையும் குலுக்கலையும் ஒளிவுமறைவில்லாமல் சேர்த்து வைத்த ஏற்பாடு நம் மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. காஞ்சிபுரம் அருகே உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில், ஊரை நிர்வகித்த வாரியங்கள் என்னும் குழுக்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறை விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனை, 35-க்கு மேல் 70-க்குள் வயது, கல்வி எல்லாம் இருந்தால்தான் பெயரை ஓலையில் எழுதலாம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். இந்தச் சல்லடையில் தேறியவர்களின் ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமான சபை என்பதை மறக்கவில்லை. அந்தத் தடுப்பு நமக்கு வேண்டாம். ஆனால் குடத்திலிருந்து வந்த ஓலைக்காரர், தேறிய மற்றவர்களைவிடத் தாம் அறிவாளி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஓலை வராதவரும் கூனிக்குறுக வேண்டியதில்லை. இன்றும் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். அங்கே இடம் கிடைக்காத ஐந்து வயதுக் குழந்தையை யாரும் மக்கு என்று சொல்வதில்லை. அதே குழந்தை பதினேழு வயதில் அரை மதிப்பெண்ணில் பின்தங்கினால் மட்டும் சொல்கிறோம்.

தேர்வு நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. தரவரிசைப் பட்டியலோடு, ஒவ்வொரு கட்-ஆஃபிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களை எந்த விதி பிரித்தது என்பதையும் வெளியிட வேண்டும். டிஎன்பிஎஸ்சி, கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண்ணுக்குக் கீழே 1.5, 3, 4.5 மதிப்பெண் இடைவெளிகளில் எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்று சொல்ல வேண்டும்; அடுத்த முறை எழுதலாமா, வேறு வழி பார்க்கலாமா என்று இருபத்தெட்டு வயதில் திணறுகிறவருக்கு அந்த ஓர் எண் ஆயிரம் அறிவுரையைவிட உதவும். காலிப்பணியிடங்களை ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய சீராகப் பிரித்து, தேர்வு அட்டவணையைத் தள்ளிப்போடாமல் நடத்தினால், பிறந்த ஆண்டின் அதிர்ஷ்டம் பெருமளவு குறைந்துவிடும். ஒருவர் நான்கு முறை முயல முடிகிற தேர்வில் நல்ல நாளும் கெட்ட நாளும் ஓரளவு ஈடாகிவிடும். ஒரே முறை எழுதுகிற தேர்வில் அப்படி ஈடாக வழியில்லை.

உங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை. 2017-இல் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது நல்ல முடிவு. ஆனால் தேர்வு முடிவு நாளில் பயிற்சி மையங்களின் முழுப்பக்க விளம்பரங்களில் அதே ரேங்க் பட்டியல் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிடுகிறது. விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கல்லூரி வாரியான கட்-ஆஃப் அட்டவணையில் இன்னும் இரண்டு பத்திகளைச் சேருங்கள்: அந்தக் கட்-ஆஃபில் நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் அந்த இடம் கிடைத்தவர்கள் எத்தனை பேர். தகவல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கலாம். ரேண்டம் எண் செய்தி போடும் நாளில், பிறந்த தேதிவரை எல்லாம் ஒத்துப்போனால்தான் இந்த எண் பயன்படும் என்ற ஒரு வரியையும் தடித்த எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்,
கரூர்.